கழுவிவிட்ட உப்பு

மகளின் பிரசவத்துக்கு லண்டன் போகிறோம் என்றதும் திண்டுக்கல்லில் ஆளாளுக்கு ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிரசவ லேகியம், வசம்பு, துவைத்து மடித்த பழைய வேட்டித் துணி, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். என் டிரைவிங் ஸ்கூலில் வண்டி கற்றுக்கொண்ட ஒரு பல் டாக்டர் மட்டும், "சார், அங்கே ஐஸ்ல எப்படி வண்டி ஓட்டுறாங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார். அவருக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இவ்வளவு வருத்தத்தோடு எழுத வேண்டிவரும் என்று அன்று நினைக்கவில்லை.

விமான நிலையத்துக்கு மாப்பிள்ளை கஜன் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். சிறு வயதிலேயே அம்மாவோடு லண்டனுக்கு வந்துவிட்டவர். என் மகள் மீனாவும் அவரும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து, விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். நல்ல மனிதர், ஒரே குறை, பயந்த டிரைவர். முன்னால் போகிற வண்டிக்கும் தன் வண்டிக்கும் நடுவே அவர் விட்ட இடைவெளியைப் பார்த்து எனக்குக் கால் பரபரத்தது.

"இவ்வளவு இடம் விட்டா எங்க ஊர்ல நாலு ஆட்டோ உள்ளே புகுந்துடும் மாப்பிள்ளை" என்றேன்.

"ரோடு ஈரமாக் கிடக்கு மாமா. இண்டைக்கு உறையுமெண்டு சொன்னவை" என்றார். நான்தான் வீடு வருகிற வரைக்கும் கொடைக்கானல் மலைப்பாதையில் மழையில் பிரேக் போன அம்பாசிடரை இறக்கிய கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். பின்சீட்டில் என் மனைவி சாரதா, அந்தக் கதையை நூறு முறை கேட்டவள், தூங்கிவிட்டாள்.

வீடு மோர்டன் பக்கம், ஒரு மேட்டுத் தெருவில். வாசலிலிருந்து தெருவுக்குச் சரிவாகச் சிமெண்டுத் தரை. அதில்தான் காரை நிறுத்துகிறார்கள். மூக்கு வீட்டைப் பார்த்தபடி நிற்கும், கிளம்பும்போது பின்னால் இறக்க வேண்டும். மீனா நிறைமாத வயிற்றோடு கதவைத் திறந்தாள். அன்று ராத்திரிச் சாப்பாடு இடியப்பமும் சொதியும். சொதி ரசமா குழம்பா என்று சாரதாவுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. தேங்காய்ப்பாலில் வெந்தயம் எதற்கு என்று கேட்டுக்கொண்டே மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் வெளிச்சமே வந்தது. கஜன் காரின் கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியை ஒரு பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தார். முன்கண்ணாடி, பின்கண்ணாடி, பக்கக் கண்ணாடிகள், விளக்குகள், கூரை, கடைசியில் நம்பர் பிளேட்டு. ஒரு குடம் வெந்நீரை ஊற்றினால் ஒரு நிமிஷத்தில் முடிகிற வேலை என்றேன். கண்ணாடி வெடித்துவிடும் என்றார். டிக்கியைத் திறந்து காட்டினார். மண்வெட்டி, கம்பளி, டார்ச்சு, பிளாஸ்க், கயிறு எல்லாம் இருந்தன.

"பிரசவத்துக்குப் போறீங்களா, இமயமலைக்கா?" என்று கேட்டேன். அவரும் சிரித்தார். மீனாதான், "அப்பா, ஆஸ்பத்திரிக்கு அவர் மூணு தரம் ஓட்டிப் பாத்து வெச்சிருக்கார், கிண்டல் பண்ணாதீங்க" என்றாள்.

சாயங்காலம் அவரோடு பால் வாங்க நடந்தேன். பெரிய ரோட்டில் மஞ்சள் விளக்கு சுழல ஒரு லாரி மெதுவாக வந்தது. கடந்து போகும்போது யாரோ ஒரு பிடி குருணையை அள்ளி என் முழங்காலில் வீசியது போலிருந்தது. இருட்டில் என்னவென்று தெரியவில்லை.

"உப்பு மாமா. கவுன்சில்காரர் போடுகினம். உறைய முதலே வந்து போட்டிட்டால் ஐஸ் பிடிக்காது. பஸ் போற ரோட்டுக்கும் பெரிய ரோட்டுக்கும் மட்டும்தான். எங்கட மாதிரி உள் ரோட்டுக்கு வரமாட்டினம். முடக்கில ஒரு மஞ்சள் பெட்டி வச்சிருக்கினம், அதில அள்ளி நாங்கள்தான் போடோணும்."

"எங்க ஊர்ல ரோட்டுக்குத் தாரே போட மாட்டேங்கிறான். நீங்க உப்பு காரமெல்லாம் பாத்துப் போடுறீங்க" என்றேன். இந்த மாதிரிப் பேச்சுக்கு என்னிடம் பஞ்சமே கிடையாது. ஆனால் உப்பு என்றதும் என் மனதில் வந்தது அடுப்படி ஜாடியில் இருக்கும் வெள்ளைக் கல்லுப்புதான். அந்தப் பெட்டியைத் திறந்து ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

அன்று இரவுச் சாப்பாட்டில் பேச்சு பிரசவ அறைக்குப் போனது. இங்கே கணவனும் உள்ளே நிற்பானாமே என்று சாரதா கேட்டாள். அவளுக்குக் கூச்சம். நான் மீனா பிறந்த கதையைச் சொன்னேன். நான் ஆஸ்பத்திரி எதிரே டீக்கடையில் இருந்தேன், ஆயாம்மா வந்து கையை நீட்டி, பொண்ணு என்றாள், நூறு ரூபாய் கொடுத்தேன், அவ்வளவுதான் ஆம்பளைக்கு அங்கே வேலை என்று.

கஜன் தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நான் உள்ளுக்கதான் நிப்பன் மாமா. அதில மட்டும் ஒண்டும் சொல்லாதேங்கோ. நான் பிறக்கேக்க அப்பா கொழும்பில வேலை. சண்டை தொடங்கிப் பாதை பூட்டிட்டாங்கள். அவர் என்னை முதல் முதல் காணேக்க எனக்குப் பல்லு முளைச்சிட்டுதாம். சாகுமட்டும் அதைச் சொல்லிச் சொல்லி அழுதவர்."

சாரதா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள். அவரே, "இஞ்ச ஆரும் பாதை பூட்டமாட்டினம்" என்று சொல்லிச் சிரித்தார். அப்போதுதான் எனக்கு அந்த மண்வெட்டியும் கம்பளியும் என்னவென்று விளங்கியது. கிண்டல் செய்ததற்கு உள்ளூர வெட்கப்பட்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

பொங்கல் நெருங்கியது. கரும்பும் மஞ்சள் கொத்தும் வேண்டும் என்று சாரதா ஒற்றைக்காலில் நின்றாள். ஈஸ்ட் ஹாமில் கிடைக்கும் என்றார்கள். ரயில் மாறி, நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய் இறங்கினால், ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நகைக்கடையும் புடவைக்கடையும் மளிகைக்கடையுமாக நம் திண்டுக்கல் மேற்கு ரத வீதியேதான். ஆனால் எல்லோரும் கோட்டுப் போட்டிருந்தார்கள். மளிகைக்கடையில் ஒரு பெண், "அண்ணை, இந்தக் கரும்பு போன வருசத்து மாதிரி உக்கினதோ, இல்லாட்டி நல்லதோ?" என்று கேட்க, கடைக்காரர், "நல்லதெண்டு சொன்னால் நம்புவியளோ அக்கா, கொண்டு போய்க் கடிச்சுப் பாருங்கோ" என்றார். சாரதா கரும்போடு கோலமாவும் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டாள். ரயிலில் அந்தக் கரும்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவர், இதுதான் உங்கள் கிறிஸ்துமஸ் மரமா என்று மரியாதையாகக் கேட்டார். கடித்துத் தின்னும் மரம் என்றேன்.

போகிக்கு முந்தின நாள் பனி கொட்டியது. எனக்கும் சாரதாவுக்கும் அதுதான் முதல் பனி. இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரி ஜன்னலோரம் நின்றோம். மறுநாள், போகியன்று, மீனாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாள் தள்ளிப்போனதால் வலி வருவதற்கு மருந்து வைப்பார்களாம், அது மெதுவாகத்தான் வேலை செய்யுமாம். கஜன் எங்களையும் கூட்டிப்போனார். அன்று அவர் ஓட்டியதை நான் வாய் திறக்காமல் பார்த்தேன். கிளச்சை விடுவது தெரியவில்லை, பிரேக்கைத் தொடுவதும் தெரியவில்லை. இரண்டாம் கியரிலேயே சரிவு முழுவதும் இறங்கினார். நான் பயம் என்று நினைத்தது பயம் இல்லை.

இரவு துணைக்கு இருப்பவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், நேரம் நெருங்கினால் கூப்பிடுவார்கள் என்று நர்ஸ் சொன்னாள். எங்களை முதலில் கொண்டுவந்து விட்டுவிட்டு கஜன் திரும்பிப் போய் மீனாவோடு இருந்தார். அவர் மறுபடி வந்தபோது நாங்கள் உறங்கிவிட்டோம்.

பொங்கலன்று காலை நான் எழுந்தபோது கஜன் சோபாவில், கோட்டைக்கூடக் கழற்றாமல், நெஞ்சில் போனை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். சாரதா ஏற்கெனவே குளித்துவிட்டாள். "தை பிறந்தா வழி பிறக்கும்ங்க. இன்னைக்குப் புள்ளையும் பிறந்துடும், பாருங்க" என்றாள். அவள் முகம் அவ்வளவு பூரிப்பாக இருந்தது.

கதவைத் திறந்தேன். வாசலிலிருந்து தெரு வரைக்கும் சிமெண்டுத் தரை பூராவும் பழுப்பாக மண்ணும் பொடிக்கல்லும். ஏதோ வண்டியில் மணல் ஏற்றி வந்து சிந்திவிட்டுப் போனது மாதிரி இருந்தது. நல்ல நாளும் அதுவுமாக வாசல் இப்படிக் கிடக்கலாமா? அதுவும் பிள்ளை வரப்போகிற வீட்டில்? விளக்குமாறு எடுத்துக் கூட்டினேன். காருக்கு அடியிலும் கைவிட்டுக் கூட்டினேன். பிறகு சமையலறைக் குழாயில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் பிடித்து, வாளி வாளியாக ஊற்றிக் கழுவிவிட்டேன். ஆவி எழும்பியது. மிச்சமிருந்த மண்ணெல்லாம் சக்கரங்களைத் தாண்டித் தெருவுக்கு ஓடியது. தரை பளிச்சென்று ஆனது. எனக்கு ஒரு திருப்தி.

சாரதா கோட்டை மாட்டிக்கொண்டு வந்து படியோரமாகப் பொங்கல்பானைக் கோலம் ஒன்றைப் போட்டாள். உள்ளே வந்து கையைத் தேய்த்துக்கொண்டே, "இந்த ஊர்ல தரை எவ்வளவு சீக்கிரம் காயுதுங்க" என்றாள்.

பால் பொங்கி வருகிற நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வலி வேகமாகிவிட்டது, உடனே வாருங்கள். கஜன் காலணியை மாட்டிக்கொண்டே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். சாரதா அடுப்பை அணைக்கப் போனாள். முதல் அடியிலேயே கஜனுக்குக் கால் வழுக்கியது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், கீழே பார்த்தார். கோலம் கண்ணாடிக்கு அடியில் இருப்பதுபோல் அப்படியே பனிக்கட்டிக்குள் இருந்தது.

"மாமா, உப்பு எங்க?"

"எந்த உப்பு?"

"இரவு வந்து போட்டனான். இதில முழுக்கப் போட்டனான்."

"மண்ணுன்னு நினைச்சுக் கழுவிட்டேன் மாப்பிள்ளை" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நான் சொன்னது அவருக்குள் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு தெரு முனை வரை ஒரு பார்வை பார்த்தார். "பெட்டியும் காலி. நான்தான் கடைசியா வழிச்சு எடுத்தனான்" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

நானும் ஏறினேன். அவர் பின் கியரைப் போட்டதுதான் தெரியும். வண்டி எஞ்சினைக் கேட்காமல் தானாக இறங்க ஆரம்பித்தது. என் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இத்தனை வருஷப் பழக்கத்தில் என் கால் அந்தக் காரின் வெறும் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்தியது. நடைபாதையைத் தாண்டி, தெருவைக் குறுக்கே கடந்து, எதிர்வீட்டுக் குட்டைச் சுவரில் பின்பக்கம் மோதி நின்றோம். அடி யாருக்கும் இல்லை. ஒரு பின்சக்கரம் மட்டும் உள்ளே மடங்கிக் கிடந்தது.

எதிர்வீட்டுக்காரர் இரவு உடையோடு வெளியே வந்தார். தன் சுவரை அவர் பார்க்கவே இல்லை. அடிபட்டதா என்று கேட்டார், விஷயத்தைக் கேட்டதும் தன் காரைத் தருகிறேன் என்றார். அந்தக் கார் எங்கள் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. டாக்சிக்காரர்கள் மேட்டுத் தெருவுக்கு வரமாட்டோம் என்றார்கள். கஜன், "நடப்பம்" என்றார்.

சாரதாவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, சுவரையும் வேலியையும் பிடித்துப் பிடித்துத் தெருவை இறங்கினோம். பெரிய ரோட்டுக்கு வந்து பார்த்தால் கறுப்பாக, ஈரமாக, ஒரு துளி ஐஸ் இல்லாமல் கிடந்தது. பஸ்ஸும் லாரியும் சைக்கிளும் எந்த நாளும் போல ஓடிக்கொண்டிருந்தன. ராத்திரி யாரோ ஒரு லாரிக்காரர் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டுப் போயிருந்தார். லண்டன் முழுக்க வழி திறந்திருந்தது. எங்கள் வாசலை மட்டும் நான் பூட்டிவைத்திருந்தேன்.

பஸ்ஸில் கஜன் உட்காரவில்லை. டிரைவருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காய்கறிப் பையோடு இருந்த ஒரு கறுப்பினப் பெண்மணி, அப்படி என்ன அவசரம் தம்பி என்று கேட்டார். சொன்னதும் அந்தம்மா எழுந்துபோய் டிரைவரிடம், கொஞ்சம் வேகமாகப் போகக் கூடாதா, இவருக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது என்றார். டிரைவர் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல், "வேகமாகப் போனால் யாருமே போய்ச் சேரமாட்டோம் அம்மா" என்றார். அதையேதான் நான் என்னிடம் வண்டி கற்றுக்கொண்ட ஒவ்வொருவனுக்கும் சொல்லியிருக்கிறேன். அன்று கேட்கக் கசந்தது.

அதற்குள் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் அவருக்கு வாழ்த்துச் சொன்னார்கள். ஒருவர் கைகூடக் குலுக்கினார். கஜன் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். போனில் மீனாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மணி அடித்து அடித்து நின்றது.

ஆஸ்பத்திரியில் அவர் ஓடிய ஓட்டத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு அந்த வாசலுக்குப் போனபோது கானா நாட்டு மருத்துவச்சி ஒருவர் கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். "பெண் குழந்தை. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். கொஞ்சம் முன்னால்தான்" என்றார். கஜன் கட்டிலருகே நின்றார். மீனாவின் மார்பில் பிள்ளை கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒரு விரலால் அதன் காலைத் தொட்டார், பிறகு மீனாவின் தலையைத் தடவினார். எனக்கு அங்கே நிற்கத் தைரியம் வரவில்லை.

ஆனாலும் திரும்பிவிடாமல் உள்ளே போனேன். மறைத்து வைக்கிற விஷயமா இது? "அவர் மேலே தப்பில்லம்மா. வாசல்ல போட்டிருந்த உப்பை நான்தான் கழுவிவிட்டேன்" என்றேன்.

மீனா என்னைப் பார்த்தாள். "யாருமே இல்லப்பா" என்றாள். "அந்தம்மா கையைத்தான் பிடிச்சிக்கிட்டிருந்தேன்."

கஜன் உடனே குறுக்கிட்டார். "மாமாவுக்கு எப்பிடித் தெரியும். வந்தவுடனே எழுப்பிச் சொல்லியிருக்கோணும், நான்தான் விட்டிட்டன்" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாப் பிரசவ வீட்டிலும் நடப்பதுதான். சாரதா லேகியம் கிண்டினாள், வசம்பு சுட்டாள். பொங்கலை மூன்று நாள் கழித்துப் புதிதாக வைத்தோம். கவுன்சில்காரர்கள் பெட்டியை நிரப்பியதும் நான் தினமும் சாயங்காலம் மண்வெட்டியோடு போய் உப்பு அள்ளி வந்து வாசலில் தூவினேன். கையில் எடுத்துப் பார்த்தால் பழுப்பு மண்ணும் கல்லும் கலந்த மாதிரிதான் இருக்கிறது, நாக்கில் வைத்தால்தான் உப்பு. குளிர் விட்டுப்போன நாட்களிலும் தூவினேன். எதிர்வீட்டுக்காரர் புதுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, இன்றைக்கு உறையாது என்று நயமாகச் சொல்லிப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுத் தூவிக்கொண்டே இருந்தேன். செய்கிறதற்கு வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

கஜன் என்னிடம் ஒரு நாளும் முகம் கோணவில்லை. புதுச் சக்கரம் போட்ட காரில் எங்களைக் கடைகளுக்குக் கூட்டிப்போனார். ஒரு நாள் வெறும் ரோட்டில் என்னை ஓட்டச் சொல்லிச் சாவியைக்கூட நீட்டினார். நான் வாங்கவில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், பெட்டியை இறக்குவதற்காக மாடிப்படி ஏறினேன். அவர்கள் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. பிள்ளை தூங்குகிறது போல, இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வெளிய வந்த உடனே அழுதவளோ, இல்லாட்டிக் கொஞ்சம் பொறுத்தோ?" என்று கஜன் கேட்டார்.

"கொஞ்சம் பொறுத்துத்தான். அந்தம்மா முதுகைத் தேய்ச்சதும்."

"அதுவரைக்கும் சத்தமே இல்லையோ?"

"இல்ல. நான்கூடப் பயந்துட்டேன். அப்புறம் வீல்னு ஒரே சத்தம். நேத்துதானே சொன்னேன் கஜன். முந்தாநாளும் சொன்னேன்."

"ஓம், சொன்னனீர்" என்றார். "இன்னொருக்காச் சொல்லும்."